மதுரைக்காரன் ஊதாரி ஆகிவிட்டானா?

4 அக்டோபர் 2025, எஸ்.எஸ். காலனி வாசகர் எழுதியது:

நேற்று சாயங்காலம் காளவாசலிலிருந்து பழங்காநத்தம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். பைபாஸ் ரோடு முழுக்கக் கடைக்குக் கடை கூட்டம். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் கிடக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை விளக்குத்தூண் போய்த் துணி எடுத்தால் அதோடு சரி. இப்போது மாதம் 25,000 சம்பளம் வாங்குகிறவன் கையில் 80,000 ரூபாய் போன். நடுத்தர வர்க்கம் சேமிப்பைக் கைகழுவிவிட்டு ஊதாரி ஆகிவிட்டது என்கிறேன். மறுப்பவர் மறுக்கலாம்.

4 அக்டோபர், இரவு

பாதியை மறுக்கிறேன். கூட்டம் உண்மை. ஊதாரி என்பதில்தான் எனக்குச் சண்டை.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பல வருஷம் பில் போட்டவன் நான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி. கடைசியில் ஃபைனான்ஸ் கவுண்டரையும் பார்த்துக்கொண்டேன். யார் எதை எப்படி வாங்குகிறார்கள் என்பது பில் போடுகிறவனுக்குத் தெரியும், டிராஃபிக்கில் நிற்கிறவருக்குத் தெரியாது. அந்த 80,000 ரூபாய் போன்காரன் 80,000 ரூபாயை எடுத்து வைத்து வாங்கியிருக்க மாட்டான். போன் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், மாதத் தவணையைத்தான் சொல்வான்.

மீதி நாளைக்கு. தூக்கம் வருகிறது.

5 அக்டோபர்

முதலில் கணக்கு. மத்திய அரசு எடுக்கிற குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், 2011-12ல் இந்திய நகரங்களில் ஓர் ஆளின் மாதச் செலவு சராசரியாக 2,630 ரூபாய். 2023-24ல் 6,996. இரண்டரை மடங்குக்கும் மேல். பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது இதுதான்.

அதே ஆய்வு, 2011-12 விலைக்கு மாற்றினால் 3,632 என்கிறது. விலைவாசி ஏறியதைக் கழித்துவிட்டால் 12 வருஷத்தில் கூடியது 38 சதவீதம். வருஷத்துக்கு 3 சதவீதம்கூட வரவில்லை. இதையா ஊதாரித்தனம் என்பது? தலைக்கு 6,996 என்றால் நாலு பேர் குடும்பத்துக்கு 28,000. அதில்தான் வாடகை, பால், பள்ளிக்கூடம், பெட்ரோல், மாமியாருக்கு மாத்திரை எல்லாம்.

இந்த ஒப்பீட்டையும் கொஞ்சம் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் 2017-18ல் எடுத்த ஆய்வை, தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடவே இல்லை. 2022-23ல் கேட்கிற முறையையும் மாற்றினார்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்காமல் மூன்று தடவை வீட்டுக்குப் போய், சாப்பாடு தனி, அன்றாடச் சாமான் தனி, நீடித்து உழைக்கிற பொருள் தனி என்று கேட்டார்கள். பிரித்துக் கேட்டால் மறந்துபோன செலவும் ஞாபகம் வரும்தானே. கூடியதில் ஒரு பங்கு இப்படிக் கேட்டதால் வந்ததாகவும் இருக்கலாம்.

5 அக்டோபர், மாலை

மேலூர்த் தம்பி ஒருவர், "நகரம் நகரம் என்கிறீர்கள், நாங்கள் செலவு செய்வதில்லையா" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 2022-23ல் நாடு முழுக்க எடுத்தால் நகரத்துச் செலவு கிராமத்தைவிட 71 சதவீதம் அதிகம். தமிழ்நாட்டில் கிராமம் 5,310, நகரம் 7,630. வித்தியாசம் 44 சதவீதம்தான். எங்கள் கடையில் சனி ஞாயிறு வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியது திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி ஆட்கள்தான். கே.கே. நகர்க்காரர் மூன்று தடவை வந்து விலை கேட்டுவிட்டு ஆன்லைனில் வாங்குவார். உசிலம்பட்டிக்காரர் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்து, அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போவார். ஆக பைபாஸ் ரோட்டில் உங்கள் முன்னால் நின்ற வண்டியெல்லாம் எஸ்.எஸ். காலனி வண்டி இல்லை.

7 அக்டோபர்

"வட்டியில்லாத் தவணையில் வாங்கினால் என்ன நஷ்டம், அது புத்திசாலித்தனம்தானே" என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

ஃபிரிட்ஜ் போர்டு விலை 30,000 என்று வைத்துக்கொள்வோம். ரொக்கமாகத் தருகிறேன், குறைத்துப் போடுங்கள் என்று விடாமல் கேட்டால் 28,500க்கு இறங்கும். தவணை என்றால் 30,000 தான், மாதம் 3,000, பத்துத் தவணை, வட்டி பூஜ்யம். ஆனால் இரண்டு தவணையை முன்னாலேயே கட்ட வேண்டும். பிராசஸிங் ஃபீஸ் வரியோடு ஒரு 600. அன்றைக்கே கையிலிருந்து போவது 6,600. ரொக்க விலையில் இதைக் கழித்தால் உண்மையில் நீங்கள் வாங்கிய கடன் 21,900. எட்டு மாதத்தில் கட்டுவது 24,000. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் போட்டால் மாதத்துக்கு 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, வருஷத்துக்கு 25 சதவீதம்.

நம் ஊர் பாஷையில் இது ரெண்டு வட்டி. ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கி ஃபிரிட்ஜ் வாங்கினேன் என்று மதுரையில் எவனாவது மாமனார் வீட்டில் சொல்வானா?

பூஜ்ய வட்டியை ஃபைனான்ஸ் கம்பெனி தர்மத்துக்குத் தருவதில்லை. அந்த வட்டியைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ கட்டுகிறார், ரொக்கக்காரனுக்குக் கிடைக்கிற தள்ளுபடி அதில் கரைகிறது. 2013லேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைப் பிராசஸிங் ஃபீஸாக மறைக்கிறீர்கள் என்று வங்கிகளைக் கண்டித்தது. அதற்கப்புறம் பெயர்ப்பலகை மாறியது, நோ காஸ்ட் ஆனது.

இவ்வளவும் ஒழுங்காகக் கட்டுகிறவர் கதை. ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லாவிட்டால் பவுன்ஸ் சார்ஜ், ஃபைனான்ஸ்காரர் ஒன்று, வங்கி ஒன்று. என் தங்கை மகன் ஒரு தடவை 1,800 ரூபாய்த் தவணைக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் தண்டம் அழுதான். சம்பளம் ஏழாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி, அவ்வளவுதான் விஷயம். தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

7 அக்டோபர், இரவு

மேலே எழுதியதை வைத்துத் தவணையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். இல்லை. எட்டு வயதுக் குழந்தையும் படுத்த படுக்கையாக மாமனாரும் உள்ள வீட்டில் வாஷிங் மெஷினுக்கு ஒரு வருஷம் சேர்த்து வைத்துக்கொண்டிரு என்று யார் சொல்வது? ஒரு சின்னச் செலவை மிச்சம் பிடிக்க அந்த அம்மாள் தினமும் இரண்டு மணி நேரம் துணி துவைக்க வேண்டுமா? மெஷின் வாங்கட்டும். ரெண்டு வட்டி என்று தெரிந்து வாங்கட்டும்.

9 அக்டோபர்

அப்பா காலம் பற்றி எஸ்.எஸ். காலனிக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார், அன்றைக்குக் கடனே இல்லாதது போல. அய்யா, எங்கள் அப்பா ஹார்வி மில் தொழிலாளி. தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்னாலேயே அதற்குக் கணக்கு முடிந்திருக்கும். மளிகைக் கடையில் பற்று நோட்டு. சைக்கிளில் சேலை மூட்டையோடு வாராவாரம் வருகிற தவணைக்காரர், வீட்டுக்கு வீடு அட்டை. எவர்சில்வர் பாத்திரத்துக்கு இன்னொரு தவணைக்காரர். ஜூன் பிறந்தால் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும், போனஸ் வந்ததும் திரும்பி வரும். எந்த வருஷமாவது சங்கிலி கழுத்திலேயே இருந்தால் அந்த வருஷம் பள்ளிக்கூட நோட்டுக்கு வேறு எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வித்தியாசம் ஒன்று உண்டு. தவணைக்காரருக்கு எங்கள் வீடு தெரியும். இந்த வாரம் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்று வாசலில் நின்று சொல்லலாம், முனகிக்கொண்டே போவார். இன்றைக்கு ஆதார், பான், வங்கிக் கணக்கு, சிபில் ஸ்கோர் (பழைய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்பதற்கு மார்க்) நான்கையும் தட்டினால் பத்து நிமிஷத்தில் கடன் தயார். கேட்கிறவருக்கு வெட்கமும் இல்லை, கொடுக்கிறவருக்கு முகமும் இல்லை. செலவு கூடியதற்கு வருமானத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

11 அக்டோபர்

"பெட்டிக் கடையிலும் ஸ்கேன் பண்ணுவதால்தான் காசு கரைகிறது" என்று ஒரு அக்கா. இருக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடு முழுக்க யுபிஐ பரிவர்த்தனை ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது. அதில் ஒரு பங்கு ஆரப்பாளையத்தில் எங்கள் டீக்கடையில்தான் நடக்கிறது. முன்பு சில்லறை இல்லை என்று மிட்டாயைத் திணித்தார்கள், இப்போது நாமே கேட்டு வாங்கித் தின்கிறோம்.

ஆனால் யுபிஐயால் எனக்கு ஒரு லாபம். மாதக் கடைசியில் உருட்டிப் பார்த்தால் எங்கே போனது என்று வரிவரியாக இருக்கிறது. பார்க்கத்தான் மனசு வருவதில்லை.

12 அக்டோபர்

வெளியே சாப்பிடுவது பற்றி. நகர்க் குடும்பத்தின் மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு 2011-12ல் 42.6 சதவீதம், 2022-23ல் 39.2. சாப்பாட்டுக்குள்ளேயே பார்த்தால், பானங்கள், பலகாரம், பாக்கெட் உணவு, சமைத்து விற்கிற சாப்பாடு எல்லாம் சேர்ந்த பிரிவுதான் முதலிடம், மொத்தச் செலவில் 10.6 சதவீதம். அரிசி கோதுமை வகையறா 5க்கும் கீழே.

இதை வைத்து ஆப் கம்பெனிகள் நம்மைக் கெடுத்துவிட்டன என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். மற்ற ஊர்க்காரர் சொன்னால் ஒத்துக்கொள்வேன். ராத்திரி ஒரு மணிக்குக் கறிதோசை கிடைக்கிற ஊரில் பிறந்துவிட்டு, வெளிச்சாப்பாட்டை ஆப் கற்றுக்கொடுத்தது என்றால் எப்படி? நம் ஆள் முன்பு தானே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து தின்றான், வீட்டுக்கு நாலு பரோட்டா பார்சல் கட்டினான். இப்போது அதையே முப்பது நாற்பது ரூபாய் கூடக் கொடுத்து ஆறிப்போனதாக வரவழைக்கிறான். சால்னா ஆறினால் அதில் என்ன இருக்கிறது.

14 அக்டோபர்

நகைக்கு வருவோம், நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். இந்த 2025 அக்டோபரில் பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. தெற்காவணி மூல வீதியில் கூட்டம் குறையவில்லை, ஆனால் வாங்குகிற கிராம் குறைந்திருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிற நண்பன் சொல்கிறான். கால் பவுன் மோதிரத்துக்குக்கூட யோசிக்கிறார்கள், பழசைக் கொடுத்துப் புதுசு எடுப்பவர்கள்தான் அதிகம்.

நகைச்சீட்டு ஏன் 11 மாதம் என்று ஒரு தம்பி கேட்டார். முன்பு அதற்கும் நீளமான சீட்டெல்லாம் உண்டு. பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்று 2014ல் கம்பெனிச் சட்ட விதி வந்தது. அதிலிருந்து எல்லாரும் 11 மாதத்தில் முடிக்கிறார்கள்.

நான் கவனித்தது: ஒரே அம்மாள் காலையில் நகைச்சீட்டுக்கு 2,000 கட்டிவிட்டு, சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து மிக்ஸியைத் தவணையில் எடுப்பார். ஒரு பக்கம் முன்னால் கட்டி அப்புறம் வாங்குவது, இன்னொரு பக்கம் வாங்கிவிட்டு அப்புறம் கட்டுவது, இரண்டும் ஒரே பர்ஸில். இவரைச் சேமிக்கிறவர் என்பதா, ஊதாரி என்பதா? அரசுப் புள்ளிவிவரத்திலேயே பொன், வெள்ளி நகைக்குக் குடும்பச் சேமிப்புக் கணக்கில் தனி வரி இருக்கிறது. கடைக்காரருக்கு அது வியாபாரம், புருஷனுக்குச் செலவு, அந்த அம்மாளுக்குச் சேமிப்பு.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. விளக்குத்தூண் பக்கம் தலை காட்ட முடியவில்லை. பைபாஸ் ரோட்டுக் குளுகுளு கடைகள் வந்து இதெல்லாம் படுத்துவிடும் என்று சொன்னவர்கள் இன்றைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். தரையில் விரித்து நைட்டி விற்கிறவரிடம் கூட க்யூஆர் அட்டை. பேரம் மட்டும் பழையபடி.

26 அக்டோபர்

பண்டிகை முடிந்தது. தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று திட்டாதீர்கள். நம் பக்கத்தில் செய்முறையை, அதாவது விசேஷ வீட்டுக்குச் செய்கிற மொய்யையும் சீரையும், சொல்லாமல் செலவைப் பற்றிப் பேசவே முடியாது.

ஐப்பசி பிறந்துவிட்டது, அழைப்பிதழ் வந்து குவிகிறது. கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா. எதற்கும் வெறுங்கையோடு போக முடியாது. 500 எழுதியது அந்தக் காலம், இப்போது நெருங்கிய சொந்தம் என்றால் 5,000 கூடக் கூச்சமாக இருக்கிறது. தாய்மாமன் என்றால் கேட்கவே வேண்டாம், சீர்த்தட்டோடு மேளம், வெடி, வேன் வாடகை. மண்டப வாசலில் கம்ப்யூட்டரில் மொய் எழுதி ரசீதும் கொடுக்கிறார்கள்.

இந்தப் பணம் நுகர்வு ஆய்வில் செலவாக வராது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற பணம் நுகர்வு ஆகாது. ஆனால் மாதச் சம்பளக்காரன் வீட்டில் ஆவணி, ஐப்பசி, தை, வைகாசியில் துண்டு விழுவது இதனால்தான். பெரும்பாலான வீடுகளில் மொய் நோட்டுத்தான் உண்மையான பாஸ்புக். நமக்கு வர வேண்டியது எவ்வளவு என்று பார்த்துத்தான் மகளுக்குத் தேதியே குறிக்கிறார்கள்.

சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளைகள், இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம், ஜிபேயில் அனுப்பிவிட்டால் போதாதா என்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் திரும்பி வருகிறபோதும் ஜிபேயில்தான் வரும், பந்தியில் உட்கார ஆள் வராது.

2 நவம்பர்

எஸ்.எஸ். காலனிக்காரர் ஒரு மாதம் யோசித்துவிட்டு நல்ல ஆயுதத்தோடு வந்திருக்கிறார். குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21ல் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது 2022-23ல் 5 சதவீத அளவுக்கு விழுந்துவிட்டதே, பல பத்தாண்டுகளில் இல்லாத தாழ்வு அல்லவா, இப்போது என்ன சொல்கிறாய் என்கிறார்.

சரியான எண்தான். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். 2020-21 கொரோனா வருஷம். கடை மூடிக் கிடந்தது, கல்யாணத்துக்கு ஐம்பது பேர், செலவழிக்க வழியில்லாமல் பணம் வங்கியில் கிடந்தது. அந்த வருஷத்தைத் தொடக்கமாக வைத்தால் எதுவும் வீழ்ச்சியாகத்தான் தெரியும். இன்னொன்று, நிகர என்றால் கடனைக் கழித்தது. வீட்டுக் கடன் வாங்கி மனையோ வீடோ வாங்கினால் கடன் இந்தக் கணக்கில் விழும், வீடு இதில் வராது. நத்தம் ரோட்டில் பாலம் திறந்தது 2023ல், ஆனால் ஊமச்சிகுளம் வரை கல் நட்டு பிளாட் போட்டது அதற்கு முன்னாலேயே. அந்தக் கல்லுக்கெல்லாம் யாரோ ஒரு வாத்தியாரும் நர்ஸும் மாதாமாதம் கட்டுகிறார்கள். அவர்களை ஊதாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் இந்த எண் என்னைக் கொஞ்சம் அசைத்தது. எல்லாமே வீட்டுக் கடன் இல்லை. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, அடமானமில்லாத நுகர்வுக் கடனுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்ட, இடர் எடையை, அதாவது அந்தக் கடன் எவ்வளவு ஆபத்து என்று போடுகிற அளவை, 100லிருந்து 125 சதவீதமாக ஏற்றியது. வீடு, கல்வி, வண்டி, நகைக் கடனுக்கு அது கிடையாது. சும்மா ஏற்றுவார்களா? அதற்குப் பிறகு எங்கள் கவுண்டரில் நிராகரிப்பு கூடியது. முன்னால் ஒரு போன் கடன் ஓடும்போதே இன்னொரு டிவிக்கும் கொடுத்தவர்கள், பழசை முடித்துவிட்டு வா என்று சொல்ல ஆரம்பித்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரில் எத்தனை கடன் ஓடுகிறது என்றே தெரியவில்லை. அவர்கள் விஷயத்தில் எஸ்.எஸ். காலனிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

2 நவம்பர், பிற்பகல்

பள்ளிக் கட்டணம்தான் எல்லாவற்றையும் தின்கிறது என்று வரிசையாக எழுதுகிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆய்வில் 2022-23ல் நகரச் செலவில் கல்வி 5.8 சதவீதம், போக்குவரத்து 8.6. கட்டணம் குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை, இது எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சராசரி. பிள்ளைகள் படித்து முடித்த வீடும், அரசுப் பள்ளிக்குப் போகிற வீடும், பேச்சிலர் ரூமும் இதில் உண்டு. இரண்டு பிள்ளையைத் தனியார் பள்ளியில் போட்டவருக்கு ஜூன் மாதம் சராசரி எந்த ஆறுதலும் தராது. ஆனால் பெட்ரோலை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை பாருங்கள். தினமும் நூறு, நூற்றைம்பது என்று போகிறது, கண்ணில் படுவதில்லை. திருப்பாலையில் வீடு, வடபழஞ்சியில் வேலை, பிள்ளை பள்ளிக்கூடம் வேறு திசையில் என்றால் வீட்டுக்கு இரண்டு வண்டி வேண்டும். அதை ஆடம்பரம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

9 நவம்பர்

கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில். ஜிஎஸ்டி குறைத்ததால் ஃபிரிட்ஜ் விலை இறங்கியது என்று ஒரு கடையில் போர்டு வைத்திருக்கிறார்களாம், உண்மையா என்று கேட்கிறார் அண்ணா நகர் அக்கா. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018 ஜூலையிலேயே 18க்கு வந்துவிட்டன. ஆக அந்த போர்டு வெறும் தீபாவளித் தோரணம், எடுக்க மறந்திருப்பார்கள். குறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் நமக்கெதற்கு.

ஏசி வாங்குவதாக இருந்தால் சித்திரை வரை காத்திருக்க வேண்டாம் அக்கா. மழைக்காலத்தில்தான் விலை இறங்கும், மாட்டுகிற ஆளும் சொன்ன நாளில் வருவார். ரொக்க விலை என்ன என்பதை முதலில் கேளுங்கள், தவணை என்ற சொல்லை அதற்கப்புறம் எடுங்கள். ஸ்டெபிலைசர், செம்புக் குழாய், ஸ்டாண்டு மூன்றையும் தனியாகப் பில் போடுவார்கள். பேரம் படிகிற இடம் அதுதான்.